பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், செருப்பை வெளியே விடவும்

போன வாரம் கோவில்பட்டியில் புதிதாகத் திறந்திருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிரும், வெயிலில் வெந்துகொண்டிருந்த ரப்பர் செருப்புகளின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏற, பல்வலி மறந்து எரிச்சல் வந்துவிட்டது. எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் லேப் அப்படியேதான் நாறும்.

நான் படித்தது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். படித்தது என்பது ஒரு பேச்சுக்குத்தான். மூன்று வருடம் அந்தப் பட்டத்துக்குக் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவே. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு பேப்பர். அதற்கான கருவிகள் பீரோவுக்குள் பூட்டியே இருந்தன. நாங்கள் தொட்டால் பழுதாகிவிடுமாம். சுற்றுச்சூழல் என்று ஒரு பேப்பர். ஜன்னலுக்கு வெளியே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, உள்ளே மழைக்காடுகளை மனப்பாடம் செய்தோம். விழுமியக் கல்வி என்றும் ஒன்று உண்டு. அதற்கு நோட்ஸ் கொடுத்தவர், பக்கத்துக் காலேஜ்காரர் நோட்ஸைத் திருடித்தான் கொடுத்தார்.

ரெக்கார்ட் நோட்டுக் கூத்து தனி. வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் அதன் விடை. இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் லேபுக்குள்ளேயே விடுவார்கள். கம்ப்யூட்டர் என்ன சொல்லப்போகிறது என்று முன்கூட்டியே கட்டம் போட்டு எழுதியாயிற்று. பிறகு அதை எதற்கு ஆன் செய்தோம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த வகுப்பில் உண்மையாகவே கம்ப்யூட்டர் தெரிந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரி. அவள் அப்பாவுக்கு மிளகாய் விவசாயம். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே, ஒரே கணக்கை எத்தனை விதமாகப் போடலாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்குப் பாதிக்கு மேல் புரியாது. அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு அவள் முட்டையையும் சேர்த்துச் சாப்பிடுவேன்.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் அவளுக்கு வந்தது எண்களை வரிசைப்படுத்தும் புரோகிராம். லேப் மேனுவலில் ஒரு வழி இருந்தது. இவள் தன் வழியில், அதில் பாதி நீளத்தில் எழுதி ஓட்டிக் காட்டினாள். எண்கள் ஒழுங்காக வந்து நின்றன. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் திரையைப் பார்க்கவே இல்லை. மேனுவலையும் அவள் தாளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டு, இது எந்தப் புத்தகம் என்று கேட்டார். நானே யோசித்தது என்றாள்.

"யோசிக்கச் சொல்லி கேள்வியில இருக்காம்மா?"

பக்கத்தில் நின்ற எங்கள் துறைத்தலைவி, மேனுவலில் உள்ளதை எழுதினால் குறைந்தா போய்விடுவாய் என்று பல்லைக் கடித்தார். ஜெசிந்தா குரலை உயர்த்தவில்லை.

"மேடம், மெஷினே சரின்னு ஏத்துக்கிடுது. நீங்க ஏன் ஏத்துக்கிட மாட்டேங்குதீங்க?"

பதில் ரிசல்ட்டில் வந்தது. ஃபெயில்.

அதற்கு முன்பே சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் இருவரையும் வேலைக்கு எடுத்திருந்தது. எல்லாப் பேப்பரிலும் பாஸாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மேனுவலை அட்சரம் பிசகாமல் கக்கிய நான் ரயிலேறினேன். அவள் ஊரிலேயே நின்றாள்.

மறுமுறை எழுதியபோதும் அதே கேள்வி வந்தது. பிடிவாதக்காரி, தன் புரோகிராமையே எழுதினாள். இந்தத் தடவை வந்த தேர்வாளர் கேசரியில் மும்முரமாக இருந்ததால் தாளைப் படிக்காமலே பாஸ் போட்டுவிட்டார். அதற்குள் கம்பெனி வேறு ஆளை எடுத்திருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். இப்போது விளாத்திகுளத்தில் ஒரு நகைக்கடன் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து, அந்தச் செருப்பு வாடையைச் சொன்னேன்.

"ஏட்டி, அந்த லேப இடிச்சிட்டாவ, தெரியுமா?" என்றாள்.

துறையின் பெயரையும் செயற்கை நுண்ணறிவு என்று மாற்றிவிட்டார்களாம். இயற்கையானது எதுவும் அங்கே இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இடித்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

இப்போதும் புரோகிராம் எழுதுகிறாயா என்று கேட்டேன்.

"எதுக்கு? இங்கன பேரும் நம்பரும் அடிச்சாப் போதும். அன்னைக்கு எப்படிப் போட்டேன்னே மறந்து போச்சு."

அந்த விடைத்தாளை எப்போதோ எடைக்குப் போட்டிருப்பார்கள். அவள் கண்டுபிடித்த அந்த வழி இப்போது யாரிடமும் இல்லை.