சிவப்புப் பென்சிலும் செண்பகத்தின் தேனீக்களும்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்த அன்று எனக்குக் கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிக்கத் தெரியாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் பார்த்த வேலையைப் பற்றி இருபத்தைந்து வயதுக்காரன் என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவர்கள். அவர்களுக்கு இது போதும்.

சர்டிபிகேட் இருந்தது. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் கிரேடு, முதல் வகுப்பு. தாடிக்கொம்பில் நண்பன் வீட்டு மெஷினில் நானாகவே கற்றுக்கொண்டது. பத்து விரலில் ஆறைத்தான் பயன்படுத்துவேன், கண் கீழேதான் இருக்கும். ஆனால் வேகம் உண்டு. பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் விடைத்தாளைத்தான் வாங்குவார், நம் கண் எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார். பி.எஸ்சி. முடித்து, பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரம். வேலை கேட்டேன், கொடுத்தார்கள்.

கொடுத்தவர் பெரிய சார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் எட்டு மெஷின் போட்டு இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு விதி சொன்னார்.

"தம்பி, பயலுக கீயைப் பாக்கக் கூடாது. பாத்தா அவன் டைப்பிஸ்ட் இல்ல, கோழி. கொத்துறான்னு அர்த்தம்."

கோழி தலையாட்டியது.

என் குறை எனக்குத் தெரியும் என்பதால் மற்றவர்களிடம் அதைக் கொஞ்சமும் பொறுக்கவில்லை. கடையில் பிஸ்கட் அட்டைப் பெட்டி ஒன்று வாங்கி, இரண்டு பக்கம் அறுத்து, கீபோர்டின் மேல் கவிழ்ப்பேன். பையன்களும் பெண்களும் பெட்டிக்குள் கையை விட்டு அடிக்க வேண்டும். பெரிய சாருக்குப் பெருமை. "கண்டிப்பான ஆளு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

தேனீ

செண்பகம் ஜூலையில் சேர்ந்தாள். பதினைந்து வயது. சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் அப்பாவோடு வந்தாள். அப்பா தறி நெய்கிறவர். மாடி ஏறியதும் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"சாரு, இவளை ஸ்கூல்ல டி.சி. குடுத்து அனுப்பிட்டாக. வகுப்புல பாதிப் பிள்ளைகளுக்கு இவதான் லீவு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கா. அப்பன் கையெழுத்தோட."

"நல்லா எழுதுவியா?" என்று பெரிய சார் அவளிடம் கேட்டார்.

"ஒருத்தருக்கு எழுதுன காரணத்தை இன்னொருத்தருக்கு எழுத மாட்டேன் சார்," என்றாள் அவள்.

"அதேன் வினையே," என்றார் அப்பா. "ஒரு பிள்ளைக்கு அப்பன் தவறிட்டாருன்னு எழுதிட்டா. அந்த மனுசன் மறுநாள் பீஸ் கட்ட நேர்ல வந்து நிக்கிறாரு. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பயந்துட்டாக."

பெரிய சார் சிரிப்பை அடக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அப்பா சிரிக்கவில்லை.

"உள்ளதை உள்ளபடி செய்ய இவளுக்கு வராது சாரு. இது பாத்து அடிக்கிற வேலைதானே? பிப்ரவரி பரீட்சையில லோயர் பாஸ் பண்ணட்டும். பிரைவேட்டா பத்தாவது எழுத விடுறேன். இல்லையா, வீட்டுல சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டுக் கிடக்கட்டும்."

செண்பகத்தின் முகம் அப்போதுதான் மாறியது. பத்தாவது என்ற சொல்லுக்கு அவள் கொடுத்த மரியாதையை வேறு எதற்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

விரல்கள்! மற்றவர்கள் மூன்று மாதத்தில் முடிக்கும் லெசன்களை மூன்று வாரத்தில் முடித்தாள். சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள். பெட்டி அவளுக்குத் தேவையே இல்லை, அவள் கீயைக் குனிந்து பார்த்ததே கிடையாது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு ஸ்பீடு பாஸேஜ் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அச்சிட்ட பகுதியைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் தப்பு. தப்பைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவது என் வேலை.

பாஸேஜில் இருந்தது: "தேனீ வளர்ப்பு ஒரு சிறந்த குடிசைத் தொழிலாகும். அதிகாரிகள் கிராமங்களுக்குச் சென்று இதனை விளக்க வேண்டும்."

செண்பகம் அடித்திருந்தது: "தேனீ வளர்ப்பு ஒரு சிறந்த குடிசைத் தொழிலாகும். இதனை விளக்கக் கிராமத்துக்குச் சென்ற அதிகாரியை ஒரு தேனீ இடது காதில் கொட்டிவிட்டது. அவர் வலது காதால் மனுக்களைப் பெற்றுக்கொண்டார்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. மார்ஜின் நூல் பிடித்த மாதிரி. வட்டம் மட்டும் நாற்பத்திரண்டு.

"என்ன இது?"

"சார், அதுல ஒண்ணுமே நடக்கல சார். நானும் செத்த நேரம் பொறுத்துப் பாத்தேன்."

மறுநாள் சிறுசேமிப்பு பாஸேஜ் கொடுத்தேன். அதே அதிகாரி வீங்கிய காதோடு தபாலாபீஸ் வந்தார். அதற்கடுத்த நாள் நெல் சாகுபடி. அதிகாரி வயலில் விழுந்தார். ஒரு வாரத்தில் காலை பேட்ச் முழுக்க அவள் மெஷினைச் சுற்றி நின்றது. "இன்னைக்கு அதிகாரிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காமல் ஒருவனும் வீட்டுக்குப் போகவில்லை. திட்டினேன், வெளியே நிற்க வைத்தேன், ஒரே பாஸேஜை இருபது தடவை அடிக்கச் சொன்னேன். இருபது தடவையும் அதிகாரி வேறு வேறு விதமாக அடிபட்டார்.

நேர்மையாகச் சொல்வதானால், இருபதையும் நான் படித்தேன்.

முடிச்சு

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி, சுண்டல் எல்லாம் தயார். அப்போதுதான் பெரிய சார் அந்த வழக்கத்தைச் சொன்னார்.

"தம்பி, நம்ம இன்ஸ்டிடியூட்டுல வருசா வருசம் இன்ஸ்ட்ரக்டர் கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு வரி அடிக்கணும். அதைச் சுவத்துல ஒட்டுவோம். அடுத்த பூஜை வரைக்கும் இருக்கும்."

சுவரைப் பார்த்தேன். எனக்கு முன்பிருந்தவர் அடித்த வரி, ஒரு புள்ளி பிசகாமல், என்னைப் பார்த்துச் சிரித்தது.

சரி, மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது, அதன் வழியாகக் கீழே பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் பெரிய சார், "முடிச்சுப் போடறதுல கைதேர்ந்த ஆளு நம்ம செண்பகம்தான். ஏத்தா, நீ கட்டு," என்று புதுத் துண்டை அவளிடம் நீட்டினார்.

அவள் கட்டினாள். பள்ளத்தில் ஒரு மடிப்பு, பின்மண்டையில் ஒரு முடிச்சு. உலகம் அணைந்துபோனது.

"எல்லா மாணவர்களும் முதல் வகுப்பில் தேற வேண்டும்" என்று அடிக்க நினைத்தேன். எதை அடித்தேன் என்று எனக்கும் தெரியாது, அந்த மெஷினுக்கும் தெரியாது. வரி முடியும் பெல் அடித்ததும் நிறுத்தினேன். ஷீட்டை யாரோ சரக்கென்று உருவும் சத்தம் கேட்டது. பிறகு செண்பகத்தின் குரல், கணீரென்று:

"கண்ணை மூடி அடித்தாலும் தப்பில்லாமல் அடிக்கும் கைகளை எங்கள் எல்லாருக்கும் கொடு தாயே!"

கைதட்டல். பெரிய சார் கையை நீட்டினார். "அருமை தம்பி! குடு ஆத்தா, ஒட்டுவோம்."

"அய்யய்யோ பெரிய சார், என் கைச் சந்தனம் பூராம் இதுல அப்பிருச்சு. இருங்க, அச்சு அசலா வேற அடிச்சுத் தாரேன்." உட்கார்ந்தாள், இருபது நொடியில் அடித்தாள். சுவரில் ஏறியது அதுதான்.

மாலையில் என் மேஜை மேல் நாலாக மடித்த ஷீட் ஒன்று இருந்தது. பிரித்தேன். பாதி வார்த்தைகளுக்கு உயிரே இல்லை, புள்ளிகள் வேறு எழுத்துகளின் தலையில் போய் உட்கார்ந்திருந்தன. கீழே பேனாவால் எழுதியிருந்தாள்: "சார், தப்பு எண்ண முடியவில்லை. வட்டம் போட்டால் பென்சில் தீர்ந்துவிடும்."

பெட்டிக்குள் என் கை

மறுநாள் அவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சார், பெரிய சார்ட்ட சொல்ல மாட்டேன். ஆனா நான் பாஸ் பண்ணணும். என்னால பாத்தத அப்படியே அடிக்க முடியல சார். நெசமாவே முடியல. கண்ணு படிச்சவொடன கை வேற போகுது. வீட்டுல உக்காத்தி வச்சிருவாக."

முதல் தடவையாக அவள் குரலில் விளையாட்டு இல்லை. இரண்டு மாதமாக இதை நான் திமிர் என்று நினைத்துத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணைக் கீழே இறக்காமல் என்னால் எப்படி முடியாதோ, அப்படித்தான் அவளாலும் முடியவில்லை.

மதியம் பெரிய சார் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தை, ஒருவர் குறையை ஒருவர் தீர்க்க எடுத்துக்கொண்டோம். மற்றப் பெண்கள் வராந்தாவில் டிபன் டப்பாவைத் திறந்திருப்பார்கள். யாராவது எட்டிப் பார்த்தால் செண்பகம், "சாரு புது லெசன் தயார் பண்றாரு," என்பாள். என் கைமேல் என் பிஸ்கட் பெட்டியையே கவிழ்த்தாள்.

"சார், சுண்டு விரல் எதுக்கு இருக்கு? மோதிரம் போடவா?"

"அடிக்கிறேன், இரு."

"கோழி குனியுது சார், கோழி குனியுது!"

என் குறைக்கு மருந்து பெட்டி. அவள் குறைக்கு என்ன மருந்து என்று எனக்குப் பிடிபடவேயில்லை. ஒருநாள் சும்மா கேட்டேன், "முடிச்சுப் போடும்போது டிசைனை மாத்திருவியா?"

"டிசைனா? அது யாருக்குத் தெரியும் சார்! துணியில புள்ளி புள்ளியா குறிச்சிருக்கும். புள்ளி இருக்கிற எடத்துல துணியைக் கிள்ளி நூலைச் சுத்தணும், அம்புட்டுதேன். சாயம் முக்கி, காயவச்சு, முடிச்சை அவுத்தப்புறந்தேன் என்ன டிசைன்னே தெரியும்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "செண்பகம், பாஸேஜைக் கடைசி வார்த்தையிலிருந்து அடி. பின்னாலிருந்து முன்னால்!"

"வேண்டும் விளக்க இதனை" என்று அடிக்க ஆரம்பித்தாள். அதில் அர்த்தம் இல்லை, அதனால் அவள் திருத்த அதில் ஒன்றும் இல்லை. வார்த்தை வெறும் புள்ளியானது. வட்டம் நாற்பதிலிருந்து பதினைந்தானது, ஐந்தானது. ஜனவரியில் நேர் வரிசைக்குத் திரும்பினோம். கண் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரலிடம் கொடுத்தது. ஒரு நாள் வட்டமே இல்லை.

காலை பேட்ச் ஏமாந்துபோனது. "அதிகாரி செத்துட்டாரா?" என்று ஒருவன் கேட்டான். "லீவுல இருக்காரு," என்றாள்.

ஹால்

பிப்ரவரியில் மெஷின்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். அவள் மெஷினுக்கு நானே ரிப்பன் மாற்றினேன். அவள் அப்பா கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றார். நான் வராந்தாவில் நடந்தேன். உள்ளே இருபது மெஷின் ஒன்றாகப் பிடித்த மழை போலச் சத்தம்.

செண்பகம் வெளியே வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன் சார். ஷீட்டை உருவும்போதுதான் என்னன்னு படிச்சேன்."

"என்ன?"

"கைத்தறி சார். நெசவாளர் வீட்டுலயெல்லாம் இன்னைக்கு மகிழ்ச்சி நிலவுதாம்." சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "முன்னாடியே படிச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன் சார்."

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. அப்பா இனிப்போடு மாடி ஏறினார். மார்க் லிஸ்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ இனிமே கதை விட மாட்டான்னு இல்ல சாரு. விடாம இருக்கவும் இவளால முடியும்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும். பத்தாவது எழுதட்டும்."

அவர் பெரிய சாரோடு பேசிக்கொண்டிருந்த இடைவெளியில், செண்பகம் தன் பழைய மெஷினில் உட்கார்ந்து எதையோ கடகடவென்று அடித்தாள். என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேன் சார், பெட்டியை விட்றாதீக," என்று அப்பாவின் பின்னால் படியிறங்கினாள்.

பெரிய சார் சுவரில் ஒட்டியிருந்த பூஜை வரியைப் பார்த்தபடி நின்றார்.

"தம்பி, ஒவ்வொரு கைக்கும் ஒரு அழுத்தம் உண்டு. கோர்ட்டுல அத்தனை வருசம் இருந்தவனுக்கு அது தெரியாதா? இது உங்க கை இல்லைன்னு அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் சார்..."

"மதியம் தெனம் பெட்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தீகளே. அதையும் படியில நின்னு பாத்தேன். அடுத்த பூஜைக்கு நீங்களே அடிப்பீக." காபி குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த பூஜைக்கு நானே அடித்தேன், இரண்டே தப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: பெட்டியை இன்னொருவர் கைமேல் கவிழ்ப்பதற்கு முன் உங்கள் கைமேல் ஒரு வாரம் கவிழ்த்துப் பாருங்கள். எதிரே இருப்பது திமிரா, திணறலா என்று அப்போதுதான் தெரியும்.

அந்த ஷீட்டைச் சொல்லாமல் விட்டேனே. பரீட்சையில் வந்த அதே பாஸேஜ்தான். முதல் வரி மட்டும் அப்படியே இருந்தது. "நெசவாளர்களின் இல்லங்களில் இன்று மகிழ்ச்சி நிலவுகிறது." அதன் கீழே:

"எங்கள் வீட்டில் தறி நின்றால்தான் அப்பா பேசுவது காதில் விழும். அது நிற்பதே இல்லை. நான் பாஸான அன்று அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று நான் பதினைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவர் சொன்னது அதில் எதுவும் இல்லை."

ரூல்படி முதல் வரி தவிர எல்லாமே தப்பு. பழக்கத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டேன். பிறகு அதை டிராயரில் போட்டு மூடிவிட்டு, ஷீட்டை முதல் வார்த்தையிலிருந்து, நேர் வரிசையில், மெதுவாக இன்னொரு தடவை படித்தேன்.