ராத்தாவின் முக்காடு

என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, சேலை முந்தானையால் முக்காடு போடுவாள். மன்னாரில் எங்கள் உம்மா போட்டதும் அப்படித்தான். யுத்தத்தில் ஊரை விட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. மச்சானைக் கடல் கொண்டுபோன பின் ராத்தா கண்டக்குழியில் மீன் காய வைக்கும் வாடிக்கு வேலைக்குப் போனாள். நாள் முழுக்க வெயிலில் குனிந்து மீனைப் பரப்புகிற, புரட்டுகிற வேலை. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டால் தலையும் மூடியிருக்கும், கையும் ஓடும்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் குடியிருப்புப் பள்ளிவாசலுக்குப் புது நிர்வாகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெண்கள் கறுப்பு அபாயாவும் முகத்திரையும் இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. மீறுகிற வீட்டு நிக்காஹ்வுக்குப் பள்ளிவாசல் வராது.

ராத்தாவின் மகளுக்கு அப்போது நிக்காஹ் பேசி முடித்திருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகத்தில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் கதிரை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"தங்கச்சி, வீட்டு ஆம்பிளை ஆரும் இருக்கிறாங்களா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

"என்னோட கதைங்க. என்னைப் பற்றித்தானே வந்தீங்க," என்றாள் ராத்தா.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், ராத்தா," என்றார் அவர்.

"நான் தலைய மூடித்தானே இருக்கிறன். அல்லாஹ்வுக்குப் பயந்து மூடினது. உங்களுக்குப் பயந்து மூடினா அது அல்லாஹ்வுக்குச் செய்ற இபாதத்தா?"

"மகள்ட காரியத்தை யோசிச்சுக்கொள்ளுங்க," என்றுவிட்டுப் போனார்கள்.

வாடியில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து பள்ளிவாசலுக்குப் போய்க் கதைப்பதென்று முடிவானது. போன அன்று ராத்தாவும் நானும் மட்டும்தான். கேற்றடியில் வெகுநேரம் நின்றோம். உள்ளிருந்து யாரும் வரவில்லை. அடுத்த கிழமை அந்தப் பெண்கள் கறுப்புக்குள் வியர்த்து வழிந்தபடி மீன் புரட்டினார்கள். ஒருத்தியும் ராத்தாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் நிக்காஹ் ஆகாத குமர்ப் பிள்ளைகள் இருந்தார்கள்.

மகள் அழுதாள். "உம்மா, எனக்காக ஒரு நாளைக்குப் போடுங்களேன்."

ராத்தா போட்டாள். நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை மகளை நுரைச்சோலைக்குக் கூட்டிப் போனார். மறுநாள் ராத்தா பழையபடி சேலையோடு வாடிக்குப் போனாள். செய்தி மருமகன் வீட்டுக்கு எட்டியது. மகள் தாய் வீட்டுக்கு வருவது நின்றது.

சில வருடங்கள் கழித்து ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. பெண்கள் முகத்தை மூடக் கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்டது. மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. முஸ்லிம் ஆண்களைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மருமகன் வெளியே வரப் பயந்து, கிளினிக்குக்குத் துணை போக ராத்தாவைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

கிளினிக் வாசலில் காவலாளி மகளின் முகத்திரையைக் காட்டிக் கழற்றச் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ராத்தா அவளை மறைத்து நின்று, தெரிந்த சிங்களத்தில், உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து பார்க்கட்டும் என்று கெஞ்சினாள். வாடியில் எந்த முதலாளியிடமும் அவள் கெஞ்சி நான் கண்டதில்லை. காவலாளி அசையவில்லை. டொக்டரைப் பார்க்காமலே ஆட்டோ பிடித்துத் திரும்பினோம்.

"எனக்கு விருப்பமில்லாததைப் போட வச்சாங்க. நீ விரும்பிப் போட்டதைக் கழட்டச் சொல்றாங்க," என்றாள் ராத்தா. "ஆரும் எங்களிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல, புள்ள."

மகள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் முதல்ல விருப்பமில்ல, உம்மா. இப்ப இது இல்லாம வெளிய வரத் தெரியல்ல."

ராத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு மகள் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மருத்துவிச்சி வீட்டுக்கு வந்துதான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. மருமகன் வீட்டார் சேலையோடு போன ராத்தாவைக் குழந்தையைத் தூக்க விட்டார்கள். தங்க விடவில்லை.