லேபிள் தெரியாவிட்டால்

எனக்குக் கோபம் வந்தால் பெயர்களை மாற்றுவேன். பெருங்குடி ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். யாரோ அவசரத்தில் வைத்துவிட்டுப் போன அசட்டுப் பெயர் ஒன்று புரோகிராமில் கண்ணில் பட்டுவிட்டால், அதைத் திருத்தும்வரை எனக்குச் சோறு இறங்காது. அதை ஒரு நல்ல குணம் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள். ஒரு நோயாளியின் விவரம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வெறும் எழுத்தாக, வரிவரியாகப் போகும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு லேபிள் இருக்கும். இது ரத்தப் பரிசோதனை, இது எடுத்துக்கொண்டிருக்கும் மருந்து, இது ஒத்துக்கொள்ளாத மருந்து என்று அது சொல்லும். வாங்கிக்கொள்கிற கணினி முதலில் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதை என்னவென்று படிக்கும். கடைசியாகச் சொன்ன இரண்டும் உள்ளே அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். மருந்தின் பெயர், கொடுத்த அளவு, தேதி, அவ்வளவுதான். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கோலமாவும் அரிசி மாவும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களில் இருப்பதைப்போல. மேலே ஒட்டிய காகிதம் உரிந்தால் கல்பொடிதான் அடையாக வரும்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

முன்பொரு முறை, புரியாத லேபிள் ஒன்று வந்ததால் ஓர் ஆஸ்பத்திரியின் திரை ஒன்றுமே காட்டாமல் நின்றுவிட்டது. டாக்டர் ஒருவர் போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். ரோஷத்தோடு உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். லேபிள் தெரியாவிட்டால் நிற்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார், எதைப்போல இருக்கிறதோ அதுவாகவே எடுத்துக்கொள். அதன்பின் எந்தத் திரையும் நிற்கவில்லை. ஆபீசில் கைதட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

போன வருடம், ஒத்துக்கொள்ளாத மருந்துக்கான லேபிள் என் கண்ணில் பட்டது. யாரோ அதற்கு 'குறிப்பு இரண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இது ஒரு பெயரா? உயிர் போகிற சமாசாரத்துக்கு வைக்கிற பெயரா? பார்த்தவர்களுக்கு உடனே புரிகிற மாதிரி மாற்றினேன். எங்கள் வழக்கப்படி வேறொருவர் அதைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும் முன் அனுப்பினேன். நான் அனுப்பியதில் கேள்வி கேட்டால் கடித்துக் குதறுவேன் என்று டீம் முழுக்கப் பேச்சு. இரண்டே நிமிடத்தில் கட்டைவிரல் படம் வந்து விழுந்தது.

எங்கள் மென்பொருளை வாங்கியிருந்த ஓர் ஆஸ்பத்திரியின் தி.நகர் கிளையில் புதிய பதிப்பு ஏறியிருந்தது. அடையாறு கிளையில் இன்னும் பழையதுதான். புதுப் பெயர் அதற்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேனே!

பாலவாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா. காலில் கெளுத்தி முள் குத்தி, வீங்கி, அடையாறு கிளைக்கு வந்திருக்கிறார். பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தி.நகரில் முன்பே பதிந்திருந்தார்கள். அடையாறு திரையில் அது, அவர் எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தாக வந்து நின்றது. டாக்டர் அதையே எழுதிக் கொடுத்தார். வழக்கமாக முதலில் துளி மருந்தைத் தோலுக்கடியில் போட்டுப் பார்ப்பார்கள். ஏற்கெனவே எடுத்துக்கொள்கிறவருக்கு எதற்கு டெஸ்ட் டோஸ் என்று நர்ஸ் நேராக ஊசியைப் போட்டுவிட்டார். அந்த அம்மா மூச்சுக்குத் தவித்து, ஐசியூவில் கிடந்து, பிழைத்தார்.

என்ன நடந்தது என்று பாருங்கள் என ஆஸ்பத்திரியிலிருந்து எங்களைக் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். விதியும் என்னுடையது, பெயரும் என்னுடையது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க," என்றார் அவர். "டெஸ்ட் டோஸ் போடாதது யார் தப்பு? நம்ம சாஃப்ட்வேர் ரூல்படிதானே ஓடிச்சு? அதை மட்டும் எழுதி அனுப்பிடுங்க."

அனுப்பினேன். 'மென்பொருள் வகுத்த விதிப்படியே இயங்கியது.' ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எழுதி முடித்துவிட்டுக் கமாவைக்கூடச் சரிபார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ விஷயமாக ஆஸ்பத்திரிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "அந்த நர்ஸை நிறுத்திட்டோம் மேடம். உங்க ரிப்போர்ட் வந்ததும் விஷயம் கிளியர் ஆயிடுச்சு," என்றார். போனை வைத்தபின் பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றம் ஜன்னல் வழியே வந்தது. எழுந்து மூடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். பார்த்தே இராத ஒரு பெண்ணின் பிழைப்பில் நான் மண்ணை அள்ளிப் போட்டிருந்தேன்.

அன்றைக்கே, மேலாளரைக் கேட்காமல், எல்லாவற்றையும் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விதி, பெயர் மாற்றம், முதல் அறிக்கையில் நான் விட்டது எல்லாம். ஆபீசில் என்ன நடந்தது என்பது இங்கே முக்கியமில்லை. பத்து நாளில் அந்தப் பெண்ணைத் திரும்ப வேலைக்கு அழைத்திருப்பதாகச் செய்தி வந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று விலாசம் வாங்கிக்கொண்டு கே.கே. நகருக்குப் போனேன்.

மாடியில் ஒற்றை அறை. இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. நான் யார் என்று சொன்னதும் நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வேலைக்குத் திரும்பிடுவீங்க இல்ல?" என்று கேட்டேன்.

"தெரியல மேடம்," என்றாள். "நீங்க எழுதிக் குடுத்ததுக்கு தேங்க்ஸ். எல்லாரும் இப்ப என் தப்பு இல்லேங்கறாங்க."

"உங்க தப்பு இல்லதான்."

அவள் தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நீங்க எழுதினதுல ஒண்ணு இல்ல மேடம். ஊசியை எடுத்ததும் அந்தம்மா என் கையைப் பிடிச்சாங்க. 'பென்சிலினா? அது நம்மளுக்கு ஆவாது கண்ணு. அல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல எய்தி கீது, பாரு'ன்னாங்க. நான் பாத்தேன். 'நீங்க போட்டுக்கிட்டு இருக்கறதாத்தானேம்மா இதுல இருக்கு, நீங்கதான் மாத்திச் சொல்றீங்க'ன்னேன்."

எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"'அப்டியா கீது?'ன்னு கேட்டாங்க. 'அப்ப அதான் கரெக்டா இருக்கும். நமக்கு இன்னா தெரியும், நீ போடு கண்ணு'ன்னுட்டு, அவங்களே கையை நீட்டினாங்க மேடம்."