பொறியியல் என்ற தலைப்பின் கீழ்

வார்னிஷ் மணம் எங்கே வீசினாலும் நான் மூன்று முறை தும்முவேன். மருத்துவர் இதனை ஒவ்வாமை என்கிறார். நான் நினைவாற்றல் என்கிறேன். சென்ற வாரம் சாய்ந்தமருதில், மரவேலை செய்யும் ஓடாவி ஒருவருடைய பட்டறையைக் கடந்தபோது அந்த மணம் என்னை மோட்டார் சைக்கிளோடு நிறுத்திவிட்டது. முதல் தும்மலுக்கே ஓடாவி தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, அங்கால திரும்பித் தும்முங்க. பெயின்ட் இன்னும் காயல்ல."

அவருக்கு முன்னால், இரண்டு நீள மர வாங்குகளின் மேல், எங்கள் பாடசாலையின் கௌரவப் பலகை மல்லாந்து கிடந்தது. பல்கலைக்கழகம் புகுந்தவர்களின் பெயர்களைச் சுமந்தபடி அதிபரின் அறை வாசலில் நின்ற அதே பலகை. பாடசாலையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், நண்பரே. கல்முனைக் கரையோரத்தில் கடலிரைச்சல் கேட்கும் பாடசாலைகள் பல உண்டு. ஒவ்வொன்றும் இது தன்னைப் பற்றியதே என்று கோபித்துக்கொள்ளும் உரிமையை நான் பறிக்க விரும்பவில்லை.

"உங்கட பேரும் இதுல இரிக்கிதானே?" என்றார் ஓடாவி.

இருக்கிறது. கலைப் பிரிவின் கீழ், மேலிருந்து ஒன்பதாவது. விவாத மேடையில் நான் வென்ற வெற்றிக் கிண்ணங்களை உம்மா கண்ணாடி அலுமாரியில் தேநீர்க் கோப்பைகளோடு சேர்த்து அடுக்கியிருக்கிறார். ஆனால் மரத்தில் எழுதப்பட்ட என் பெயர் இது ஒன்றுதான். ஆகவே இறங்கிப் பார்த்தேன். பார்த்த இடத்தில்தான் பழைய காலம் திறந்துகொண்டது.

அந்தக் காலத்தில் எங்கள் பாடசாலையை ஆண்டவர் யார் என்பது எந்த விவாத மேடையிலும் தீர்க்க முடியாத வினா. ஆசிரியர்களை மாகாணம் தரும். அவர்கள் எங்கே கற்பிப்பார்கள் என்பதை வலயக் கல்வி அலுவலகம் தீர்மானிக்கும். பாடநூல் கொழும்பிலிருந்து வரும். சுவர் ஓர் அரசாங்கத்தின் காலத்தில் எழும்பும். கூரை அடுத்த அரசாங்கத்தின் காலத்தில் வந்து சேரும். இவற்றுக்கிடையே விடுபட்ட அனைத்தும் பெற்றோரும் பழைய மாணவரும் கூடி நடத்திய பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பு. தண்ணீர்க் குழாய், கதவின் கொண்டி, மின்விசிறி.

மின்விசிறிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அன்பளிப்புச் செய்தவரின் பெயர் ஒவ்வோர் இறக்கையிலும் சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கும். விசிறி சுழன்றால் பெயர் தெரியாது. ஆதலால் கொடையாளர் வகுப்பறைக்கு வருகை தரும்போது மரியாதையின் நிமித்தம் விசிறியை நிறுத்துவோம். அவர் அண்ணாந்து வாசித்து, வியர்வையைத் துடைத்து, மகிழ்ச்சியோடு விடைபெறுவார். இதில் எவருக்கும் முரண்பாடு தெரிந்ததில்லை. எனக்கும் தெரியவில்லை, மேலே ஒரு விசிறியில் என் வாப்பாவின் பெயரும் இருந்தது.

கௌரவப் பலகையில் நான்கு தலைப்புகளைச் சித்திர ஆசிரியர் அழகாக எழுதியிருந்தார். மருத்துவத்தின் கீழ் நான்கைந்து பெயர்கள். வர்த்தகத்தின் கீழ் அதைவிடச் சில அதிகம். கலையின் கீழ் சந்தை நாள் பேருந்தைப் போல நெரிசல். பொறியியல் என்ற தலைப்பின் கீழ் வெறும் பச்சை வர்ணம். தலைப்பை எழுதிவிட்டால் ஆட்கள் வந்து சேர்வார்கள் என்று சித்திர ஆசிரியர் நம்பினார். பொறியியலுக்கு அவசியமான இணைந்த கணிதத்தைக் கற்பிக்க எப்போதாவது ஓர் ஆசிரியர் வருவார். வந்து, வீடு தேடி, வீடு கிடைத்த வாரத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார்.

றிஸ்மியாவுக்கு அந்தப் பச்சை வர்ணத்தின் மேல் கண். எங்கள் விவாத அணியின் இரண்டாவது பேச்சாளர் அவள், தலைவர் நான். நான் முழங்குவேன். அவள் எழுந்து, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், எதிரணி சொன்னதில் எது பிழை என்று மூன்று வசனங்களில் சொல்லிவிட்டு அமர்வாள். நடுவர்கள் வெற்றியை அவளுடைய மூன்று வசனங்களுக்காகவும் கிண்ணத்தை என்னுடைய முழக்கத்துக்காகவும் தருவார்கள். இந்த ஏற்பாட்டில் அப்போது நான் ஒரு குறையும் காணவில்லை.

உயர்தர வகுப்பு தொடங்கியபோது, ஆசிரியர் இல்லாத கணிதப் பிரிவுக்கு அவளோடு மூவர் பெயர் கொடுத்தனர். நால்வரும் மேல்மாடியின் மூலை அறையில் கடந்தகால வினாத்தாள்களை விரித்து ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருந்தனர். அவளுடைய வாப்பா கரைவலை இழுப்பவர். மகளை வேறு ஊர்ப் பாடசாலைக்குப் பேருந்தில் அனுப்ப அவருக்கு மனமில்லை. எனவே ஆசிரியர் இங்கே வர வேண்டும். வராவிட்டால் அவளுக்கு அந்தப் பாடம் இல்லை. அவள் ஒரு விண்ணப்பம் எழுதி, நால்வரும் கையொப்பமிட்டு, அதிபரின் முத்திரையோடு வலயத்துக்கு அனுப்பினாள். இரண்டு மாதங்களில் பதில் வந்தது. நிலைமையை நேரில் பார்த்துத் தீர்மானிக்க ஒரு குழு வருகை தரும்.

குழு வருகை தரும் என்ற செய்தியில் 'நிலைமை' என்ற சொல்லை எவரும் வாசிக்கவில்லை. 'வருகை' என்ற சொல்லையே ஊர் முழுவதும் வாசித்தது.

எங்கள் ஊரில் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கோப்பைகள் கைமாறும். எதிர் வீட்டுக் கதிரைகள் தெருவைக் கடக்கும். ஒரு முறை எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமே போய் மூன்று நாள் கழித்துத் திரும்பியது. வருபவர்களுக்கும் இது தெரியும். ஏனெனில் அவர்கள் வீட்டிலும் கடிகாரம் இப்படித்தான் வந்து போகும். அவர்கள் மனதுக்குள் பாதியைக் கழித்துக்கொண்டு தேநீர் அருந்துவார்கள். இது ஏமாற்று அல்ல, நண்பரே. வந்தவரின் மனம் நோகாமலிருக்கச் செய்யும் உபசரிப்பு.

சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. வரவேற்புரை வழங்குபவன் என்ற தகுதியில் நானும், விண்ணப்பக்காரி என்ற தகுதியில் றிஸ்மியாவும் பின்வரிசையில் அமர்த்தப்பட்டோம். சங்கத்தின் செயலாளர் ஒரு புடவைக்கடை ஹாஜியார். நல்ல மனிதர்; பாடசாலையின் ஏழு விசிறிகள் அவருடையவை.

"வாற ஆக்களுக்கு முன்னால ஓட்டையக் காட்டேலுமா?" என்றார் அவர். "மத்த ஊரான் சிரிப்பான். கதிரைக்கெல்லாம் வார்னிஷ் அடிங்க. விஞ்ஞான கூடத்துக்கு நுணுக்குக்காட்டி நான் இரவல் எடுத்துத் தாறன். நூலகத்துக்கும் புத்தகம் கேட்டிரிக்கன்."

"அப்ப கணக்குக்கு?" என்றார் ஒருவர்.

"எங்கட மருமகன் இரிக்காருதானே, அக்கரைப்பற்றுல படிப்பிக்கிற. ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து நிப்பாரு."

றிஸ்மியா எழுந்தாள். "சேர், ஆசிரியர் இல்லை என்டு எழுதித்தானே அவங்கள வரச் சொன்னம்?"

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்லிய மனம் கொண்டவர். "அது அவங்களுக்குத் தெரியும்தானே புள்ள. தெரிஞ்ச விசயத்த மறுகா எதுக்கு முகத்துக்கு நேர சொல்லுற?"

கூட்டம் இந்தத் தர்க்கத்தை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. நானும் தலையசைத்தேன்.

வருகைக்கு முதல் நாள் பாடசாலை முழுவதும் வார்னிஷ் மணம். நான் மைதானத்து வேப்பமரத்தின் கீழ் நின்று உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். றிஸ்மியா வந்து, நான் ஓர் உவமையை முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

"நீதான் நாளைக்கு மைக்குக்கு முன்னால நிக்கப்போற ஒரே ஆள். ஒரு வசனம் சொல்லு. 'எங்களுக்கு இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை.' அவ்வளவுதான்."

"சொல்லுறன்."

"அலங்காரமெல்லாம் ஒண்டும் வேணாம். உன்ட வாயால அப்படியே சொல்லு."

"சொல்லுறன் என்டு சொல்லிட்டன்தானே. விடு."

"உன்ன நம்பித்தான் இரிக்கன், கிண்ணம்," என்றாள். அப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

மறுநாள் உதவிக் கல்விப் பணிப்பாளர் ஒருவரின் தலைமையில் மூவர் வந்தனர். மின்விசிறிகள் நிறுத்தப்பட்டு மீண்டும் சுழன்றன. நான் மைக்கின் முன் நின்றேன். அன்றைய உரையின் பெரும்பகுதி எனக்கு இன்றும் மனப்பாடம். கேட்பார் இல்லாததால் சொல்வதில்லை. ஆனால் அதன் உச்சத்தை மட்டும் இங்கே தந்தாக வேண்டும்.

"கிழக்கே விரிந்த இக்கடல் வற்றினும், எங்கள் கலைக்கூடத்தின் அறிவுக்கடல் வற்றாது! கையேந்திப் பெறும் நிலையில் நாங்கள் இல்லை. கைநிறையக் கொடுக்கும் நிலையிலேயே நிமிர்ந்து நிற்கிறோம்!"

மண்டபம் அதிர்ந்தது. செயலாளர் ஹாஜியார் எழுந்து நின்று கைதட்டினார். றிஸ்மியாவின் வசனம் இதற்கு அடுத்ததாக வரவேண்டியிருந்தது. நான் அதை மறந்தேன் என்றே பல காலம் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். மறக்கவில்லை. அது நாக்கின் நுனியில் நின்றது. ஆனால் அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் அதை நிறுத்திப் பார்த்தேன்; கல்யாண ஊர்வலத்தின் கடைசியில் செருப்பில்லாமல் வருகிறவனைப் போல அது தெரிந்தது. ஓசை இல்லை, எதுகை இல்லை. ஆகவே நன்றி கூறி அமர்ந்தேன்.

பின்னர் குழு மேல்மாடிக்குச் சென்றது. மூலை அறைக் கதவில் 'உயர்தரம் – கணிதப் பிரிவு' என்ற பெயர்ப்பலகை புதிதாக மின்னியது. உள்ளே செயலாளரின் மருமகன் கரும்பலகை நிறையச் சமன்பாடுகளோடு நின்றார். மிக நன்றாகக் கற்பித்தார் என்று கேள்வி. அரை மணி நேரத்தில், நால்வருக்கும் மாதக்கணக்கில் புரியாதிருந்த ஒரு பகுதி புரிந்துவிட்டதாம்.

"இவர் யார்?" என்று உதவிப் பணிப்பாளர் கேட்டார்.

"கணக்குக்கு இவருதான் சேர்," என்றார் ஹாஜியார். ஒரு சொல்லும் பொய்யில்லை, அன்றைக்கு அவர்தான்.

"புள்ளையள், பாடம் நடக்குதா?" என்று உதவிப் பணிப்பாளர் நால்வரையும் பார்த்துக் கேட்டார். வாசலில் அதிபரும் ஹாஜியாரும் மருமகனுக்கான பிளேன்டீயோடு ஒரு பெரிய கூட்டமும். றிஸ்மியா என்னைத்தான் பார்த்தாள் என்று அருகில் இருந்தவன் பிறகு சொன்னான். நான் அப்போது நடைபாதையில் ஆசிரியர் சிலரின் பாராட்டைப் பெற்றுக்கொண்டிருந்தேன். "இண்டைக்கு நடக்குது, சேர்," என்றாள் அவள். ஹாஜியார் சத்தமாகச் சிரித்து, "எங்கட புள்ளையளுக்கு வாய் கூட," என்றார். எல்லோரும் சிரித்தனர். அதிகாரியும் சிரித்தபடி குறித்துக்கொண்டார்.

அவர்மீது குற்றமில்லை. மாப்பிள்ளை வீட்டார் மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள். அவருடைய படிவத்தில் கழிப்பதற்கு ஒரு கட்டம் இல்லை. கண்டதை எழுதுவதே அவர் கடமை. போகும்போது என் கையைக் குலுக்கி, "நல்ல தமிழ் தம்பி," என்றார்.

கடிதம் சில வாரங்களில் வந்தது. நேரடி அவதானிப்பின்படி பாடம் நடைபெற்று வருவதால், வலயத்திடம் இருக்கும் ஒரே கணித ஆசிரியர், தேவை கூடிய வேறொரு பாடசாலைக்கு அனுப்பப்பட்டுள்ளார். இறுதி வரியில், பாடசாலைச் சமூகத்தின் தன்னிறைவுக்குப் பாராட்டு. அதிபர் அதைச் சட்டமிட்டு மாட்டுவதா கிழித்தெறிவதா என்று தெரியாமல் மேசையில் நெடுநாள் வைத்திருந்தார். நுணுக்குக்காட்டியும் புத்தகங்களும் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தன. மருமகன் அக்கரைப்பற்றில் இருந்தார்.

நால்வரில் இருவர் வேறு பாடசாலைக்கு மாறினர். ஒருவன் வேலை தேடிக் கட்டார் நாட்டுக்குப் போனான். றிஸ்மியா ஒரு காலைப்பொழுதில் கலைப் பிரிவு வகுப்புக்கு வந்து, எனக்கு முன் வாங்கில் அமர்ந்தாள்.

"நல்லாத்தான் பேசினாய்," என்றாள் திரும்பாமலே. அதன் பிறகு 'கிண்ணம்' என்று என்னை அவள் கூப்பிட்டதில்லை; பெயர் சொல்லியே அழைத்தாள். பெயர் சொல்லி அழைப்பது தண்டனையாக இருக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். அரசியல் விஞ்ஞானத்தில் என்னை விட நல்ல பெறுபேறு எடுத்தாள். இப்போது சம்மாந்துறைப் பக்கம் ஒரு பாடசாலையில் குடியியல் கற்பிக்கிறாள். அரசாங்கம் எவ்வாறு இயங்குகிறது என்பது பாடத்தின் முதல் அலகு. நான் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வருகை தருவோருக்கு வரவேற்புரை எழுதும் பொறுப்பு என்னிடம் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

விசிறிகள் இன்று பெயரில்லாத புதியவையாகிவிட்டன. மேல்மாடி மூலை அறையில் உடைந்த கதிரைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கதவில் மின்னிய பெயர்ப்பலகையின் இடத்தில் நான்கு ஆணித் துளைகள்.

ஓடாவி இப்போது தட்டையான உளியொன்றை எடுத்துப் பலகையின் இன்னும் புது வர்ணம் படாத வலது ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினார். பொன்னிற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பொரிந்து தரையில் விழுந்தன. முதலில் 'பொ' போனது.

"இதை ஏன் எடுக்கிறீங்க?"

"கலைக்கு இடம் போதாதாம் தம்பி. இந்தப் பக்கத்தையும் அதுக்கே எழுதச் சொல்லி இரிக்காங்க. உங்கட பேரையும் இஞ்சால கொஞ்சம் பெரிசா எழுதித் தாறன்." அவர் உளியை நிறுத்தி, வெறும் பச்சை வர்ணத்தை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். தொழில் நேர்மை உள்ளவர். ஒரு பெயரைத் தவறுதலாக அழித்துவிடக் கூடாதென்ற அச்சம் அவருக்கு. "இதுக்குக் கீழ ஆரும் இருந்தாங்களா?"

அதற்கு நீண்ட பதில் சொல்லும் பயிற்சி எனக்கு உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டேன். வார்னிஷ் மணம் ஏறி, மூன்றாவது தும்மலும் வந்து போனது.

"இல்லை," என்றேன்.

"ம்," என்றார் அவர், மீண்டும் சுரண்டியபடி. கைதட்ட அங்கே ஒருவரும் இல்லை.