ராகுகாலத்தில் ஒரு கரி வண்டி

என் கல்யாணத்துக்கு நான் கொஞ்ச தூரம் காரிலும் மீதி தூரம் ரயிலிலும் போனேன். இரண்டில் எது சிக்கனம், எது சௌகரியம் என்று யார் கேட்டாலும் அந்த ஒரு நாளை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

1943, தை மாதம், புதன்கிழமை. முகூர்த்தம் மறுநாள் செங்கல்பட்டில். அன்று சாயங்காலம் ஜானவாசம், அதாவது மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து ஊர்வலம் விடுவது. நான் அப்போது மாம்பலத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், ஒரு கார் வைத்திருந்தார். முந்தைய வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானபோது, மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் கும்பகோணத்துக்குப் போகிற அவசரத்தில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி அது.

பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம். கூப்பனில் வருகிற பெட்ரோல் வண்டியைக் கிளப்பத்தான் காணும். அதனால் வண்டியின் பின்பக்கம் ஒரு இரும்பு அடுப்பைப் பொருத்தியிருந்தார். அதில் கரியைப் போட்டு மூட்டி, கைத்துருத்தியால் ஊதினால் வாயு வரும். அந்த வாயுவில் வண்டி ஓடும். ஏற்றத்தில் ஓடாது.

அத்திம்பேர் தினமும் காலையில் வண்டியைத் துடைப்பார். பிறகு குளித்து, சாப்பிட்டு, மின்சார ரயிலில் ஆபீசுக்குப் போவார். சீசன் டிக்கெட் செலவுக்கு ஒரு வாரத்துக் கரிகூட வராது என்பது அவருக்கே தெரியும். டயர்கள் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டிருந்தன. இருந்த நான்கிலும் ரப்பரைவிட ஒட்டு அதிகம். ஆகவே செலவைப் பற்றி அவர் பேசுவதில்லை. சௌகரியத்தைப் பற்றித்தான் பேசுவார்.

"ரயில் அது புறப்படற நேரத்துக்குப் புறப்படும். கார் நாம புறப்படற நேரத்துக்குப் புறப்படும்."

அக்கா இதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே பேச்சாகச் சொன்னாள்: "ஜானவாசத்துக்கு முன்னாடி இவனை இந்த வண்டியில கொண்டு சேர்த்துடுங்கோ. அப்புறம் நான் வாயைத் திறக்கலை. சேர்க்கலைன்னா அதை வித்துடணும்."

அத்திம்பேர் ஒப்புக்கொண்டார்.

மற்ற உறவுக்காரர்கள் சீர்ப் பாத்திரங்களோடு காலை ரயிலில் போய்விட்டார்கள். காரில் நாங்கள் மூன்று பேர். சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்பது அத்திம்பேரின் ஏற்பாடு. புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. ஆனால் சர்க்கார் யுத்தத்தை முன்னிட்டு எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னால் தள்ளிவைத்திருந்தது. சர்க்கார் பன்னிரண்டு என்றால் பஞ்சாங்கத்துக்கு அது பதினொன்றுதான்; பஞ்சாங்க ராகுகாலம் சர்க்கார் கடிகாரத்தில் ஒன்றிலிருந்து இரண்டரை வரை.

"ராகு எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பான்னு நமக்கென்ன தெரியும்? ரெண்டையும் தள்ளிடுவோம்" என்றாள் அக்கா.

இரண்டையும் தள்ளினால் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை கிளம்பக் கூடாது. அதற்கு முன்பே கிளம்பிவிடலாம் என்று பதினோரு மணிக்கு அடுப்பை மூட்டினோம். கரி ஈரம். மாப்பிள்ளை என்பதால் என்னை யாரும் ஊதச் சொல்லவில்லை, இருந்தும் நானும் ஊதினேன். புகை வந்தது. வாயு வரவில்லை. பன்னிரண்டு நெருங்கியதும் அக்கா முடிவு செய்தாள்.

"வண்டி கேட்டைத் தாண்டிட்டா கிளம்பின மாதிரிதான். தள்ளுங்கோ."

தள்ளினோம். தெருமுனையில் நின்ற ஜட்காக்காரர் வந்து ஒரு கை கொடுத்தார்.

"இன்னா சாமி, கல்யாண மாப்ளையா தள்ளிக்கினு போறாரு?"

"வாயு இன்னும் பிடிக்கலைப்பா" என்றார் அத்திம்பேர்.

"என் குதிரைக்குக் கொள்ளு வெச்சா போதும் சாமி. ஊதவே வேணாம்."

பன்னிரண்டுக்கு முன்பே நாங்கள் புறப்பட்டவர்களானோம். எதிர்வீட்டு வாசலில் நின்றபடி மேலும் ஊதி, வாயு பிடித்ததும் அத்திம்பேர் ஓட்டினார். கையை வெளியே நீட்டி எல்லாத் திருப்பங்களுக்கும் சைகை காட்டினார். பின்னால் வருகிறவர் யாருமில்லை. சைதாப்பேட்டைப் பாலத்துக்கு ஏறும் இடத்தில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

வடிகட்டியில் சாம்பல் அடைத்திருந்தது. அத்திம்பேர் அதைக் கழற்றித் தட்டி மாட்டி மறுபடி ஊதினார். ஊதி முடித்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. ஏறி உட்காரப் போனவரை அக்கா தடுத்தாள்.

"இப்போ கிளப்பினா இது புதுப் புறப்பாடு. ரெண்டரை ஆகட்டும்."

"நம்மாத்துலேர்ந்துதான் முன்னாடியே கிளம்பியாச்சேடி."

"அது நின்னு போச்சே."

பாலத்தோரம் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். கீழே அடையாற்றில் எருமைகள் படுத்திருந்தன. தூரத்தில் மின்சார ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாம்பரம் பக்கம் போவது கேட்டது. அத்திம்பேர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டரைக்குக் கிளம்பி, வழியில் இன்னும் இரண்டு ஏற்றத்தில் நின்றால் ஜானவாசம் முடிந்துவிடும் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அக்காதான் பேசினாள்.

"நீ ஸ்டேஷனுக்கு நட. ரயில்ல போ."

"அவன் ரயில்ல போனா மட்டும் ராகு விட்டுடுவானா?" என்றார் அத்திம்பேர்.

"ரயிலை நாம கிளப்பலையே. அது எப்பவோ பீச் ஸ்டேஷன்ல கிளம்பியாச்சு. இவன் நடுவுல ஏறிக்கறான், அவ்வளவுதான்."

ரயிலின் சௌகரியங்களில் இப்படி ஒன்றை அத்திம்பேர் எதிர்பார்த்திருக்க மாட்டார். நான் இறங்கி நடந்தேன். வேஷ்டியின் ஜரிகை வரை கரி. சைதாப்பேட்டையில் ஏறி, தாம்பரத்தில் மாறி, செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர்ந்து, குளித்து, காபி சாப்பிட்டு, தலை வாரிக்கொண்ட பிறகும் ஜானவாசத்துக்கு நேரம் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டியும் வந்தது. அத்திம்பேரின் முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன.

"நேரத்துக்கு வந்துடுத்தே" என்றார் அக்காவிடம்.

"வந்துடுத்து. இவனைக் கொண்டு வரலையே."

வண்டிக்குப் பூச்சரம் சுற்றி என்னை ஏற்றினார்கள். முன்னால் நாதஸ்வரம். கரிப்புகையில் நாதஸ்வரக்காரர் இருமியதால் வாசிப்பு இரண்டு இடத்தில் நின்றது. என்ஜினை நிறுத்திவிட்டுப் பெண் வீட்டுப் பையன்கள் தள்ளினார்கள். ஊர்வல வேகத்துக்கு அது மிகப் பொருத்தமாக இருந்தது. நான்கு வீதியும் சுற்றி வருவதற்குள் ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. அத்திம்பேர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று முழுவதும் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

பெண்ணின் மாமா பக்கத்திலேயே நடந்து வந்தார். பந்தல் வியாபாரம் செய்கிறவர். வண்டியைத் தட்டிப் பார்த்தார், இருக்கையை அழுத்திப் பார்த்தார். மறுநாள் கல்யாணச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது அத்திம்பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஊர்ல கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டா நன்னாப் போகும். என்ஜின் இல்லாம என்ன விலை சொல்றேள்?"

அத்திம்பேர் அக்காவைப் பார்த்தார். அவள் மடித்த வெற்றிலையை நீட்டினாள்.

"என்ஜினோடதான் கொடுப்பேன்" என்றார் அவர். வாங்கின விலைக்கே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ரயிலில் திரும்பினோம். அத்திம்பேர் ரோடு தெரிகிற பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். தாம்பரத்தில் இறங்கியதும் ஸ்டேஷன் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பத்து நிமிஷம் லேட்" என்றார், எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு.

"எந்த டயத்துப்படி?" என்று கேட்டாள் அக்கா.