வாசலில் ஒற்றைச் செருப்பு

கண்ணுகளா, இது உங்கள் சித்தப்பாவின் கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கடைசியில் ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது.

2003ஆம் வருஷம் அரையாண்டு லீவு. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வந்து, அங்கே டவுன் பஸ் மாறி, வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தப்பாவும் அங்கேதான் இருந்தான். என் தம்பி. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டான். உங்களுக்கு அவனிடம் ஒரே பயம்.

ஊருக்குக் கிளம்பும்போது, மகளே, வாசலில் உன் செருப்பில் ஒன்றைக் காணோம். பஸ் வருகிற நேரம். நீ அழ ஆரம்பித்துவிட்டாய். பெரியம்மா நேராகக் கொல்லைக்குப் போய், வெங்காயத்தைக் குவித்துக் கீற்று மூடியிருந்த பட்டறைக்குள் கையைவிட்டு எடுத்து வந்தார்.

"எல்லாம் இவன் வேலதான். யாராவது கெளம்புனா ஒத்தச் செருப்ப ஒளிச்சு வச்சுப்புடுவான். கிறுக்குப்பய!"

"திருட்டுச் சித்தப்பா," என்றான் உன் தம்பி.

நீ அழுகையை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்தாய். சித்தப்பாவை ஓயாமல் கேலி செய்யும் ஒரு மாமாவும் அன்று வந்திருந்தார்.

"அப்பா, சித்தப்பா மாமா செருப்ப மட்டும் ஒளிக்கலப்பா. ஜோடியாத் தெருவப் பாத்து திருப்பி வச்சிருக்காரு."

"அதுக்கென்னம்மா?"

"மாமா கெளம்பலாமாம். நாமதான் போவக் கூடாதாம்!"

மாமாவே சிரித்துவிட்டார். கூடப் பிறந்த எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது. அன்று பஸ்ஸை விட்டுவிட்டுத் தங்கினோம். அதன்பிறகு அங்கே போனால் செருப்புத் தேடுவதே உங்களுக்கு விளையாட்டு. அவன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டு வருஷம் கழித்து அவனுக்கு உடம்பு முடியாமல் போனது. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கார் வந்து நின்றது. வாசலில் அவன் செருப்பில் ஒன்றைக் காணோம். பெரியவர்கள் எல்லோரும் தேடினோம். அவன் தேடவில்லை. உங்கள் இருவர் முகத்தையும் நேராகப் பார்த்தான். சிரித்தான். வெறுங்காலோடு காரில் ஏறினான்.

பிறகு அவன் வீடு திரும்பவில்லை.

போகாதே என்று அவனிடம் அவன் பாஷையிலேயே சொன்னவர்கள் நீங்கள் மட்டும்தான். அந்த ஒரு சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும் போலிருக்கிறது.

காரியம் முடிந்து நீங்களெல்லாம் பஸ் ஏறிய பிறகு நான் கொல்லைக்குப் போனேன். வெங்காயம் விற்றுப்போய்ப் பட்டறை காலியாகக் கிடந்தது. கீற்றை விலக்கி அந்தச் செருப்பை எடுத்து, மண்ணைத் தட்டினேன். வாசலில் கிடந்த மற்றதோடு சேர்த்து, வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.