ஒன்பது வருடம் கழித்து கிள்ளானில் ஓர் ஒத்திகை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஈப்போவிலிருந்து கிள்ளானுக்குப் போய்வந்தேன். கோயில், கல்யாணம், துணிக்கடை எதற்கும் இல்லை. விட்டுவிட்டு வந்த பழைய வேலையைத் திரும்பக் கேட்கப் போனேன். மேடையை விட்டு விலகி மறுபடி ஏற நினைக்கும் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் நேரம், கட்டணம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

ரேணுவும் நானும் முன்பு ஒரே குழுவில் பக்கத்துப் பக்கத்தில் ஆடியவர்கள். இப்போது அவள் கிள்ளானில் சொந்தக் குழு வைத்திருக்கிறாள். எட்டுப் பேர், மாதச் சம்பளம், ஊர் ஊராக நிகழ்ச்சி. அதில் ஒரு பெண் விலகிவிட, "வந்து ஆடிக் காட்டு மாலா, சரியா வந்தா இடம் உனக்குத்தான்" என்றாள். எனக்கு வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகி ஈப்போவுக்குப் போன புதிதில் "சும்மா கொஞ்ச நாளைக்கு" என்று பிள்ளைகளுக்கு நடன வகுப்பு ஆரம்பித்தேன். அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருடமாகிவிட்டது. இடம் கிடைத்தால் வகுப்பை மூடிவிடுவது என்று முடிவு. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் அம்மாமார்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

காலை 5.30 ரயில், 46 ரிங்கிட். எட்டு மணிக்கெல்லாம் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையம். ஒத்திகை பதினொன்றுக்குத்தான் என்பதால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தேன். பத்து நிமிட நடைதான், டாக்சி பிடித்து ஏமாறாதீர்கள்.

மோனோரயில் பாதையைப் பார்த்தபடி ஒரு மூன்றாம் மாடி வீடு. அங்கேதான் நாங்கள் நான்கு நடனப் பெண்கள் ஆறு வருடம் இருந்தோம். சனிக்கிழமை கல்யாண மண்டபம், ஞாயிறு கம்பெனி விருந்து, திங்கட்கிழமை துவைத்த ஜரிகை உடைகள் பால்கனி முழுக்கத் தொங்கும். மோனோரயிலில் போகிறவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை வங்கிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'டான்ஸர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். "அது சரி, வேலை என்ன?" என்று கேட்டார் அதிகாரி. அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அந்த பால்கனியில் இப்போது யாரோ குழந்தைத் துணி காயப்போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அந்த நாட்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

முனையில் வடை வாங்கும்போது பையில் சலங்கை சத்தம் போட்டது. கடைக்காரர் நிமிர்ந்தார். "அக்கா டான்ஸ் டீச்சரா?"

"டீச்சர் இல்லண்ணே. டான்ஸர்."

"ரெண்டும் ஒண்ணுதானே லா. மூணு வெள்ளி."

மூன்று ரிங்கிட்டை நீட்டியபடி, ஒன்றில்லை என்று விளக்க வாயெடுத்தேன். பின்னால் வரிசை நின்றது, விட்டுவிட்டேன்.

கிள்ளானுக்கு கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஐந்து ரிங்கிட்டுக்குள். கே.எல். சென்ட்ரலில் பலகையைப் பார்த்து 'போர்ட் கிள்ளான்' என்று போட்ட ரயிலில் மட்டும் ஏறுங்கள். ஒன்றை விட்டால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே போகலாம். பூக்கடை, நகைக்கடை தாண்டி ஒரு கடைவீட்டின் மாடியில்தான் ரேணுவின் ஒத்திகைக் கூடம்.

ரேணு கட்டிப்பிடித்தாள். "அப்படியே இருக்க மாலா. சாப்டியா? சலங்கை கட்டு, ஸ்டார்ட் பண்ணலாம்."

தனியாக ஆடிக் காட்டியதில் குறையே இல்லை. ஏழு பெண்களும் கை தட்டினார்கள். அப்புறம் வரிசையில் நான்காவதாக நிறுத்தினாள். ரேணு "ரைட்!" என்றாள். ஏழு பேர் வலது பக்கம் போனார்கள். நான் இடது பக்கம் போய்ப் பக்கத்துப் பெண்ணின் தோளில் மோதினேன். மன்னிப்புக் கேட்டு மறுபடி ஆடினேன். மறுபடியும் மோதினேன். மூன்றாம் தடவை நானே வாய்விட்டு "ரைட், ரைட்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இடது பக்கம் போனேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரேணு சிரிக்கவில்லை.

"ஒம்பது வருஷம் பிள்ளைங்களைப் பார்த்து நின்னு ஆடியிருக்க," என்றாள் மெல்ல. "அவங்களுக்கு வலதுன்னா உனக்கு இடது. உடம்பு அதுக்குப் பழகிருச்சு லா."

அவள் சொன்னது சரி. எதிரே நிற்கும் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பழக வேண்டும் என்று நான் எல்லா அடவையும் திருப்பிப் போட்டு ஆடி வந்திருக்கிறேன். தற்காலிகம் என்று வாய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கால் எப்போதோ டீச்சராகிவிட்டது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்தபோது ரேணு, "ரெண்டு வாரம் எடுத்துக்க. சுவரைப் பார்த்து ஆடிப் பழகு, மாறிரும். இடத்தை வச்சிருக்கேன்" என்றாள். மாறும், எனக்கும் தெரியும். முட்டாள்தனமான ஒரு கேள்விதான் மனதில் ஓடியது. இது மாறிவிட்டால் என் பிள்ளைகள் யாரைப் பார்த்து ஆடுவார்கள்?

திரும்பும் ரயில் மாலை ஐந்தரைக்கு. தஞ்சோங் மாலிம் தாண்டும்போது ரேணுவுக்கு போன் போட்டேன்.

"வேற ஆளப் பாரு ரேணு."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன். வருத்தமாத்தான் இருக்கு."

போக நினைப்பவர்களுக்கு: போகவர ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து 125 ரிங்கிட் ஆயிற்று. ஊர் திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். நீங்களும் வகுப்பு எடுப்பவராக இருந்தால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சுவரைப் பார்த்து ஆடிப் பழகுங்கள். அந்த ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்கு லீவு விடமுடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தாராளமாகப் போங்கள். என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் "வலது" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் போனேன். எதிரே முப்பது பிள்ளைகளும் என்னோடு அதே பக்கம் வந்தார்கள்.